வழக்கமான இரத்தப் பரிசோதனையில் குறைப்பிரசவத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

மல்லிகைப்பந்தல் எழுதியது:

வணக்கம். எனக்கு இப்போது 16 வாரம், இரண்டாவது குழந்தை. மூத்தவள் சரியாக 31 வாரத்தில் பிறந்தாள், எடை 1,480 கிராம். 29 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். இப்போது நாலு வயதாகிறது, நன்றாக இருக்கிறாள். ஆனால் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்துபோய், பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு விரலை மட்டும் நீட்டி அவள் உள்ளங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு முறை அதைத் தாங்குவேனா தெரியவில்லை.

போன வாரம் என் கணவர் ஒரு செய்தியைக் காட்டினார். கர்ப்பிணிகளுக்கு எப்போதும் எடுக்கிற சாதாரண இரத்தப் பரிசோதனை முடிவுகளையே கம்ப்யூட்டரில் கொடுத்து, யாருக்குக் குறைமாதத்தில் பிரசவமாகும் என்று முன்கூட்டியே சொல்லப் பார்க்கிறார்களாம். அதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நேற்று ராத்திரி பாப்பா தூங்கியதும் பழைய ஃபைலை எடுத்து எல்லா ரிப்போர்ட்டையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தேன். வெள்ளை அணுக்கள் மட்டும் 12 வாரத்தில் 9,100, 20 வாரத்தில் 10,400, 28 வாரத்தில் 11,200, பிரசவத்துக்கு முந்தின ரிப்போர்ட்டில் 15,800. படிப்படியாக ஏறியிருக்கிறது, கடைசியைத் தடித்த எழுத்தில் வேறு அச்சடித்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 11.8-இல் தொடங்கி 10.4-க்கு இறங்கியிருக்கிறது. இதை அன்றைக்கே யாராவது வரிசையாக வைத்துப் பார்த்திருந்தால் என் குழந்தைக்கு இன்னும் நாலைந்து வாரம் கிடைத்திருக்குமோ? நானாவது கேட்டிருக்க வேண்டுமோ? ராத்திரி முழுக்க இதே யோசனைதான்.

எங்கள் பக்கத்து லேப்பில் கர்ப்பகால முழுப் பரிசோதனை என்று ஒரு பேக்கேஜ் வைத்திருக்கிறார்கள், மாதாமாதம் எடுத்தால் ஏதாவது தெரியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோதனைக்குழாய் எழுதியது:

சகோதரி, நான் 16 வருடமாக லேப்பில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கர்ப்ப காலத்தில் இரத்தமே மாறிவிடும். இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கூடும், சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடாது, அதனால் ஹீமோகுளோபின் 20 வாரத்துக்கு மேல் எல்லோருக்கும் கொஞ்சம் இறங்கும். பாலில் தண்ணீர் சேர்த்த மாதிரிதான். வெள்ளை அணுக்கள் ஏறும், கடைசி மாதங்களில் 15,000, 16,000 வரை போவதைத் தினமும் பார்க்கிறேன், அதில் பெரும்பாலானவர்கள் நாள் நிறைந்து சுகமாகப் பெற்றுக்கொண்டு போகிறார்கள். ஈ.எஸ்.ஆர், அதாவது சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகம், ஏறும், நஞ்சுக்கொடியே தயாரிப்பதால் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஏறும், பிளேட்லெட் லேசாக இறங்கும். ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சடித்திருக்கும் இயல்பு அளவு இருக்கிறதே, அது பெரும்பாலும் கர்ப்பமில்லாத ஆட்களுக்கான அளவு. தடித்த எழுத்து மெஷின் போடுவது, மெஷினுக்கு நீங்கள் கர்ப்பிணி என்று தெரியாது.

9,100, 10,400, 11,200 இந்த மூன்றும் எந்தக் கர்ப்பிணிக்கும் வரக்கூடியவை. என் டேபிளுக்கு வந்திருந்தால் நானும் அடுத்த குழாயை எடுத்திருப்பேன். 15,800 பற்றி ஒரு கேள்வி. அந்த ரிப்போர்ட்டின் மேல்பக்கம் இரத்தம் எடுத்த நேரம் இருக்கும், அதைப் பாருங்கள். குழந்தையின் நுரையீரலுக்காக உங்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா? அது இரத்தம் எடுப்பதற்கு முன்பா பின்பா? ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் வெள்ளை அணுக்கள் நன்றாக ஏறும், சில நாளில் தானே இறங்கிவிடும். இது தெரியாமல் அந்த ஒரு எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது.

இரவுப்பணி எழுதியது:

நான் பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸ். முதலில் ஒன்று கேட்க வேண்டும்மா. முதல் பிரசவம் ஏன் முன்னாடி ஆனது? வலி தானாக வந்ததா, பனிக்குடம் உடைந்ததா, இல்லை பிரஷர் ஏறியதால் டாக்டர்களே எடுத்தார்களா? 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் எல்லாவற்றையும் குறைப்பிரசவம் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் இந்த மூன்றும் மூன்று வேறு வழி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து என்று டாக்டர்கள் முடிவு செய்து எடுப்பது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே இரத்தப் பரிசோதனை பதில் சொல்லும் என்று எதிர்பார்ப்பதே கஷ்டம்.

பிரஷர் வழிக்கு மட்டும் இரத்தப் பரிசோதனை ஓரளவு முன்னேறியிருக்கிறது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் இரண்டு புரதங்களின் விகிதத்தைப் பார்த்து, 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரீக்ளாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வரும் ஆபத்தான சிக்கல், வர வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்கிறார்கள். ஆபத்து அதிகம் என்று 11 முதல் 14 வாரத்துக்குள் தெரிந்தால் தினமும் இரவு 150 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்ததில், 37 வாரத்துக்கு முன் வரும் பிரீக்ளாம்ப்சியா பாதிக்கு மேல் குறைந்தது, 2017-இல் வெளிவந்த ஆய்வு அது. நீங்களாக எதையும் வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள், உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், சாதாரணப் பரிசோதனைகளை வீண் என்று நினைக்காதீர்கள். அவை தேதி சொல்லாது, ஆனால் சரிசெய்யக்கூடிய காரணங்களைப் பிடித்துக் கொடுக்கும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் மாத்திரை, ரொம்பக் குறைந்தால் நரம்பில் இரும்புச்சத்து ஏற்றுகிறோம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஏற்றுகிறார்கள். கடுமையான இரத்தசோகை இருந்தால் குறைப்பிரசவ வாய்ப்பு கூடும். வி.டி.ஆர்.எல் பார்ப்பது சிபிலிஸுக்காக, அது இருந்தால் பென்சிலின் போட்டுக் குழந்தையைக் காப்பாற்றலாம். தைராய்டு, சர்க்கரை எல்லாம் அப்படித்தான். ஆனால் இவற்றையெல்லாம் விட அதிகம் விட்டுப்போவது யூரின் கல்ச்சர். எரிச்சல், வலி எதுவுமே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும், அதுவும் குறைப்பிரசவத்தோடு தொடர்புடையது, கல்ச்சர் பார்த்தால்தான் தெரியும். பேக்கேஜுக்குக் கொடுக்கிற பணத்தில் இதை முதலில் பாருங்கள்.

உங்கள் மாதிரி ஏற்கெனவே ஒருமுறை ஆனவர்களுக்கு இரத்தத்தை விட அதிகம் சொல்வது கருப்பைவாயின் நீளம். 16 முதல் 24 வாரத்துக்குள் உள்வழி ஸ்கேனில் அளப்பார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் சரியாக வராது, அதனால் உள்வழி என்றதும் பயந்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், வலிக்காது. 25 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரான் மாத்திரையை உள்ளே வைக்கச் சொல்வார்கள், சிலருக்குக் கருப்பைவாயில் தையல் போடுவார்கள். இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறது.

எண்ணிப்பார் எழுதியது:

நான் மருத்துவப் புள்ளியியலில் வேலை பார்ப்பவன், அந்தச் செய்தி எந்த ஆராய்ச்சியைப் பற்றியது என்று தெரியாது, ஆனால் இந்த வகை ஆராய்ச்சிகளைத் தொடர்ந்து படிக்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், செய்திகளில் இரண்டு வேறு விஷயங்களைக் கலந்துவிடுகிறார்கள். ஒன்று, புதுவகை இரத்தப் பரிசோதனை. 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் குவேக் குழு, தாயின் இரத்தத்தில் மிதக்கும் ஆர்.என்.ஏ துணுக்குகளை, அதாவது மரபணுக்கள் வேலை செய்யும்போது உருவாகும் நகல்களை, அளந்தது. டென்மார்க்கில் 31 பெண்கள் வாராவாரம் இரத்தம் கொடுத்தார்கள், அதிலிருந்து கரு எத்தனை வாரம் என்று கணிக்க முடிந்தது. குறைப்பிரசவப் பகுதிக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே ஆபத்து உள்ளவர்கள் என்று கருதப்பட்ட 38 பெண்கள். ஏழு மரபணுக்களின் ஆர்.என்.ஏ-வை வைத்து இரண்டு மாதம் வரை முன்கூட்டியே சொல்ல முடியும் என்று எழுதினார்கள். அருமையான வேலை, சந்தேகமே இல்லை, ஆனால் 38 பேர்தான். இன்னொன்று அமெரிக்காவில் சேரா பிராக்னாஸ்டிக்ஸ் என்ற நிறுவனம் விற்கும் சோதனை, 18 முதல் 20 வாரத்தில் இரண்டு புரதங்களின் விகிதத்தைப் பார்க்கிறது. இவை எதுவும் உங்கள் ஃபைலில் உள்ள சி.பி.சி, அதாவது சாதாரண இரத்த அணுக்கள் பரிசோதனை, இல்லை.

இரண்டாவது வகைதான் உங்கள் கணவர் காட்டியது, அதாவது ஏற்கெனவே எடுத்த சாதாரண ரிப்போர்ட்டுகளைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது. செலவு குறைவு, சின்ன ஊரிலும் செய்யலாம், அதனால் எனக்கு இதில் நிஜமாகவே நம்பிக்கை உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் முதலில் தேடுவது எந்த வாரத்து இரத்தம் என்பதைத்தான். பிரசவத்துக்கு முந்தின நாள் எடுத்த இரத்தத்தை வைத்து நாளைக்குப் பிரசவம் என்று சொன்னால் அதனால் யாருக்கும் பயனில்லை. இன்னொரு சிக்கல், உடம்பு சரியில்லாதவர்களுக்குத்தான் டாக்டர்கள் அடிக்கடி இரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் சில சமயம் இரத்தத்தில் இருப்பதைக் கற்றுக்கொள்வதில்லை, டாக்டர் கவலைப்பட்டார் என்பதைக் கற்றுக்கொள்கிறது. அடுத்த ஆஸ்பத்திரியில் பழக்கம் வேறு, அங்கே போனால் கணக்குத் தப்பும்.

இப்போது கணக்கு. 1,000 கர்ப்பிணிகள், அதில் 100 பேருக்குக் குறைப்பிரசவம் என்று வையுங்கள், உலக அளவில் பத்தில் ஒன்று என்பதுதான் நிலவரம். ஒரு சோதனை இந்த 100 பேரில் 75 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, மீதி 900 பேரில் 75 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 900-இல் 225 பேரைத் தவறாகப் பிடிக்கிறது. ஆக மொத்தம் 300 பேரிடம் ஆபத்து என்று சொல்கிறோம், அதில் 225 பேர் நாள் நிறைந்து பெற்றுக்கொள்வார்கள். பிடிபடாமல் போன 25 பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆரம்பக் கட்டச் சோதனைகள் பலவும் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கின்றன.

நம் நாட்டில் இன்னொரு அடிப்படைப் பிரச்சினை, வாரக் கணக்கே தப்பாக இருப்பது. கடைசி மாதவிலக்குத் தேதியில் பத்து நாள் பிசகினால் 36 வாரக் குழந்தை 37-ஐத் தாண்டிய குழந்தையாகிவிடும், அப்புறம் எதை வைத்துக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது? 2020-இல் உலகத்தில் குறைமாதத்தில் பிறந்த சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகளில் ஏறக்குறைய 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. அதனால்தான் 2015-இல் குருகிராம் சிவில் ஆஸ்பத்திரியில் தொடங்கிய கர்ப்-இனி ஆய்வை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஃபரிதாபாத்தில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம் நடத்துகிறது, 8,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆரம்ப வாரங்களிலிருந்தே பின்தொடர்ந்து இரத்தம், ஸ்கேன் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்கேன் அளவுகளை வைத்துச் சென்னை ஐ.ஐ.டி-யோடு சேர்ந்து நம் நாட்டுக் குழந்தைகளுக்கென்றே நடு மாதங்களிலும் கடைசி மாதங்களிலும் வாரக் கணக்கைக் கணிக்கும் சூத்திரம் உருவாக்கினார்கள், கர்பினி-ஜிஏ2 என்று பெயர், 2024-இல் வெளியானது. அதுவரை அந்த மாதங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுக் குழந்தைகளின் அளவை வைத்துத்தான் நம் குழந்தைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். சரி, உங்களுக்கு இதில் தேவையானது ஒன்றுதான், முதல் மூன்று மாத ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், வாரத்தை அதை வைத்துத்தான் எண்ண வேண்டும்.

கரிசல்மண் எழுதியது:

மேலே சொன்ன 225 பேரில் என் மனைவியும் ஒருத்தி, அதனால் எழுதுகிறேன். 19 வாரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், இரத்தத்தில் ஏதோ ஒரு அளவு கூடியிருக்கிறது என்று சொல்லிக் குறைப்பிரசவம் ஆகலாம் என்றார்கள். கருப்பைவாய் அளக்கவில்லை, வேறு எதுவும் விளக்கவில்லை, படுத்தே இருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நாலரை மாதம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வளைகாப்பைக் கட்டிலிலேயே உட்காரவைத்து நாலு பேரோடு முடித்தோம். வயிற்றில் குழந்தை அசைந்தால் வலியா என்று பயம், அசையாவிட்டால் அதற்கும் பயம். கடைசியில் 39 வாரத்தில் 3 கிலோவில் பிறந்தான். பிறந்த பிறகும் அவள் அந்தப் பயத்திலிருந்து வெளியே வர ஒரு வருடம் ஆனது, எழுந்து நடக்கவே கால் தடுமாறியது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரியாதவர்கள் ஆபத்து என்று மட்டும் சொல்லக்கூடாது. என்னைக் கேட்டால் அந்தப் பேக்கேஜை எடுக்காதீர்கள் அக்கா.

இரவுப்பணி எழுதியது:

தம்பி, படித்துவிட்டு மனசு கனத்துப்போனது. படுத்தே இருந்தால் குறைப்பிரசவம் தள்ளிப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, காலில் இரத்தம் உறையலாம், தசை வலுவிழக்கும். இன்னும் பல இடங்களில் சொல்கிறார்கள் என்பதுதான் வருத்தம். அதே மாதிரி வாராவாரம் இடுப்பில் போடும் புரோஜெஸ்டிரான் ஊசி, பலன் நிரூபணமாகவில்லை என்று அமெரிக்காவில் 2023-இல் அதற்கான அனுமதியையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். உள்ளே வைக்கும் மாத்திரை வேறு, அந்த ஊசி வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆனால் முன்கூட்டித் தெரிவதே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் முன்னாடி தெரிந்தாலே வார்டில் எங்களால் எவ்வளவோ செய்ய முடியும். நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி போட நேரம் கிடைக்கும், 32 வாரத்துக்குள் என்றால் மூளையைக் காக்க மெக்னீசியம் போடுவோம், பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் குழந்தையை வயிற்றிலேயே வைத்து அனுப்பலாம், அதை விட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது. பெரியவர்கள் ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதம் ஆகாது என்பார்கள். அதை நம்பி வலி வந்தும் வீட்டிலேயே இருந்து தாமதமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளும் குழந்தைக்கு லாபம்தான், எட்டாம் மாதம் ஏழாம் மாதத்தை விட நல்லது.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

சோதனைக்குழாய் அண்ணா, நீங்கள் சொன்னதும் அந்த ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எனக்கு வலி வரவில்லை, 30 வாரம் 5 நாளில் ராத்திரி எட்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது, இரண்டு நாள் கழித்துத்தான் பிறந்தாள். டிஸ்சார்ஜ் சீட்டில் முதல் ஸ்டீராய்டு ஊசி இரவு 11.10 என்று எழுதியிருக்கிறது. 15,800 வந்த இரத்தம் எடுத்தது மறுநாள் மதியம் 2.30. நாலு வருடமாக அந்த இரண்டு காகிதமும் ஒரே ஃபைலில்தான் இருந்தன, நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. பார்த்ததும் அழுதுவிட்டேன், அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அதற்கு முந்தின 11,200-ஐ நீங்கள் எல்லோருக்கும் வரக்கூடியது என்று சொன்னதைப் பலமுறை படித்தேன்.

பேக்கேஜ் எடுக்கவில்லை. டாக்டரிடம் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி, பனிக்குடம் உடைந்துதான் ஆனது என்பதை முதலிலேயே சொன்னேன், போன முறை நான் அதைச் சரியாகச் சொல்லவே இல்லை போல. யூரின் கல்ச்சர் எழுதிக் கொடுத்தார், கிருமி இருந்தது, எனக்கு ஒரு எரிச்சலும் இல்லை! ஏழு நாள் மாத்திரை, முடிந்ததும் மறுபடி கல்ச்சர். ஹீமோகுளோபின் 10.9, இரும்பு மாத்திரை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, டீயோடு சேர்க்காமல் போடச் சொல்லியிருக்கிறார். கருப்பைவாய் நேற்று அளந்தார்கள், 34 மி.மீ. இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள், 24 வாரம் வரை இப்படிப் பார்ப்பார்களாம்.

இரவுப்பணி அக்கா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பனிக்குட நீர் கொஞ்சமாகக் கசிந்தால் அது வெள்ளைப்படுதலா நீரா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது? போன முறை இரண்டு நாள் முன்னாடியே லேசாக ஈரமாக இருந்த மாதிரி இப்போது ஞாபகம் வருகிறது.

இரவுப்பணி எழுதியது:

வீட்டில் உறுதியாகச் சொல்ல முடியாதும்மா. சுத்தமான நாப்கின் வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். பிசுபிசுப்பாக இல்லாமல் தண்ணீர் மாதிரி நனைந்தால், இருமும்போதோ படுத்து எழும்போதோ வழிந்தால், சிறுநீர் வாசனை இல்லாமல் இருந்தால், அந்த நாப்கினோடயே கிளம்பி வாருங்கள். ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் வாருங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் எங்களுக்கு அது சந்தோஷம்தான்.